'பிக்' என்று எழுதினால் பெரியதா, பன்றியா? அகராதி வாங்குமுன் ஒரு சோதனை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் ஊதுபத்தி, பித்தளை விளக்கு, தினக் காலண்டர் விற்கிற கடைகளில் ஓரமாக அகராதி அடுக்கு ஒன்று இருக்கும். பினாங்கில் லெபோ பாசார் பக்கமும் அப்படித்தான். பிள்ளைக்கு வாங்க வருகிறவர்கள் அங்கே இரண்டைத்தான் பார்க்கிறார்கள். அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருக்கிறது, விலை எத்தனை வெள்ளி. இரண்டையும் வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஐம்பதாயிரம் சொல் இருந்தும் எல்லாவற்றுக்கும் அரைப்பொருள்தான் என்றால், பணம் கொடுத்து வாங்குவது வெறும் எழுத்துக்கூட்டுப் பட்டியலைத்தான்.

அகராதியை எடைபோட ஒரே ஒரு சொற்கூட்டம் போதும். இங்கே எடுத்துக்கொண்டது பருமனும் தடுமாற்றமும் சேர்ந்த சொற்கள். ஆள் பெரிய ஆள், நடையில் நயமில்லை. பொருள் பெரிய பொருள், பிடிக்க வாகில்லை. இதற்கு ஆங்கிலத்தில் நாற்பது ஐம்பது சொற்கள் தேறும். 'கிளம்ஸி', 'அன்கேன்லி', 'லம்பரிங்', 'ஹல்கிங்', 'அன்வீல்டி', 'கம்பர்சம்', 'பல்கி', 'கேங்லிங்', 'ஓஃப்', 'லவுட்' (lout), 'லமக்ஸ்' என்று நீளும். எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் சிரிப்புக்கிடமாகும், சில சமயம் சண்டைக்கும் இடமாகும். நல்ல அகராதி எது, ஒப்புக்குச் சப்பாணி எது என்று இந்தக் கூட்டம் பளிச்சென்று காட்டிவிடும்.

சோதித்தவை நான்கு. முதலாவது, பத்து இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஆங்கிலம்–தமிழ் கையடக்க அகராதி. இதில் பல பதிப்புகள் உண்டு. குறைகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொது, ஆகவே பெயர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ஆக்ஸ்ஃபர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி. மூன்றாவது, ரோஜே வழிவந்த தெசாரஸ், அதாவது ஒரே கருத்துள்ள சொற்களைச் சேர்த்துவைத்த தொகுப்பு. நான்காவது, எல்லார் கையிலும் இருக்கிற கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நான்காம், ஐந்தாம் படிவத்துக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும். மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு ஆகும், அதன் இடத்துக்கு ஆகாது.

கையடக்கத்தில் 'கிளம்ஸி' என்று தேடினால் பெரும்பாலும் வருவது 'அலங்கோலமான, விகாரமான'. 'அன்கேன்லி'க்கும் 'விகாரமான'. 'ஹல்கிங்'குக்கு 'பருத்த, விகாரமான'. மூன்று சொல்லுக்கும் ஒரே முகமூடி. மாணவன் இதை நம்பி, தங்கை கண்ணாடிக் குவளையைக் கைநழுவ விட்டதை எழுதப் போய் 'கிளம்ஸி'யைத் தொடமாட்டான். தங்கையை விகாரமானவள் என்று எப்படி எழுதுவது? 'கிளம்ஸி'க்கும் முக லட்சணத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குளிரில் மரத்துப்போன என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளைத்தது அது. ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் பிடித்திருந்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். விரல் இருக்கிறது, சொன்னபடி கேட்கவில்லை. அதுதான் 'கிளம்ஸி'. தமிழில் 'லாவகம் இல்லாத' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். தொட்டதையெல்லாம் போட்டு உடைக்கிறவரைச் சொல்ல மலாயில் 'செமெர்காப்' என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. இங்குள்ள பிள்ளைக்கு அதைச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்தது.

இதைவிடப் பெரிய குறை உச்சரிப்பில். கையடக்கங்கள் ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போடுகின்றன. வசதிதான், ஆனால் தமிழில் 'க' ஒன்றுதான், 'ப' ஒன்றுதான். பெரியவன் என்பதற்கும் 'பிக்', பன்றிக்கும் 'பிக்'. இரண்டுக்கும் கடைசி ஒலி ஒன்று, முதல் ஒலி வேறு. எழுத்தில் எதுவும் தெரியாது. நம்முடைய சொற்கூட்டத்தில் இந்த விபத்து அடிக்கடி நடக்கும். பெரிய உடம்பும் நல்ல மனமும் உள்ளவனைச் செல்லமாகச் சொல்லும் 'லக்', அதிர்ஷ்டத்துக்கான 'லக்', இரண்டும் தமிழ் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள். வளர்ந்த வேகத்தில் கை கால் கட்டுக்கு வராத பையனைச் சொல்லும் சொல்லை (gawky) 'காக்கி' என்று போட்டால் போலீஸ் சட்டை கண்முன் வரும். உண்மையான ஒலி 'கா'வுக்கும் 'கோ'வுக்கும் நடுவே, குரலெழுப்பும் 'க'வோடு. இந்தக் கட்டுரையிலேயே வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம், அதனால் சொல்கிறோம்: படித்ததை வாயில் வைக்குமுன் ஒருமுறை காதால் கேளுங்கள். ஆக்ஸ்ஃபர்ட் லேர்னர்ஸ் இணையதளத்தில் பிரிட்டிஷ் குரல், அமெரிக்கக் குரல் இரண்டும் இலவசம்.

கையடக்கத்தை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். சுத்தியல், முருங்கைக்காய், ஈரல் மாதிரி கையால் தொட்டுக் காட்டக்கூடிய பெயர்ச்சொற்களுக்கு அதுதான் விரைவு. ஆங்கில விளக்கத்தையே படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. வாங்கும்போது நடுப்பக்கத்தை விரித்து முதுகைப் பாருங்கள். நூல் தெரிந்தால் தைத்த கட்டு. பசை மட்டும் தெரிந்தால், தினமும் விரித்து மடக்கும் பள்ளிப் பையன் கையில் சீக்கிரமே முதுகு பிளந்து தாள் தாளாக வரும். பதினாறு பக்கம் இரட்டிப்பாக வந்து அடுத்த பதினாறு காணாமல் போயிருப்பதும் உண்டு; நான்கைந்து இடத்தில் பக்க எண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்போது ஆக்ஸ்ஃபர்டுக்கு வருவோம். ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் உருவாக்கியது இது. முதலில் 1942இல் அங்கேயே வெளிவந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபர்ட் வெளியீடாயிற்று. பத்தாம் பதிப்பு 2020. ஆங்கிலத்தை வெளியே நின்று கற்கிறவனுக்காகவே பிறந்த புத்தகம் என்பதால் விளக்கங்களை ஏறக்குறைய மூவாயிரம் எளிய சொற்களுக்குள் அடக்கப் பார்க்கிறது. பாராட்டா, பழிப்பா, பேச்சுவழக்கா, பழஞ்சொல்லா, புண்படுத்துமா என்று சொல்லின் பக்கத்திலேயே சின்னதாகக் குறிப்பும் வைக்கிறது. நம் சோதனைக்கு அந்தச் சின்னக் குறிப்புதான் உயிர்.

இந்தச் சொற்களில் மாணவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கோடு ஒன்று உண்டு. தடுமாறுவது யார்? நகர்கிறவனா, நகர்த்துகிறவனா? 'கிளம்ஸி', 'அன்கேன்லி', 'லம்பரிங்' மூன்றிலும் தானே நகர்கிற ஆளோ விலங்கோ வண்டியோ தடுமாறுகிறது. 'பல்கி', 'அன்வீல்டி', 'கம்பர்சம்' மூன்றில் பொருள் சும்மா கிடக்கிறது. தூக்க வந்தவன் பாடுதான் திண்டாட்டம். கையடக்கம் பின் மூன்றுக்கும் 'பளுவான' என்று போட்டு விட்டுவிடும். ஆனால் மூன்றில் எதற்குமே எடை முதல் செய்தி கிடையாது.

லிஃப்ட் பழுதான ஒரு அடுக்குமாடியில் நான்காம் மாடிக்கு வீட்டுச் சாமான் ஏறுகிறது என்று வையுங்கள். ஸ்பாஞ்சு மெத்தை ஒரு ஆள் தூக்குகிற எடைதான், ஆனால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு எதிரில் வருகிறவருக்கு வழி விடாது. அது 'பல்கி', இடத்தை அடைப்பது. ஆட்டுக்கல் சின்னது, ஆனால் இடுப்பை ஒடிக்கும்; அதற்கு வெறும் 'ஹெவி' போதும், அதைப் 'பல்கி' என்று சொன்னால் தவறு. இருபது அடி அலுமினிய ஏணி எடையும் இல்லை, தடிப்பும் இல்லை. ஆனால் முன்முனையைத் திருப்பினால் பின்முனை பக்கத்து வீட்டு ஜன்னலைப் பதம் பார்க்கும். அதுதான் 'அன்வீல்டி'. வாளைச் சுழற்றுவதற்கும் அதிகாரம் செலுத்துவதற்கும் ஆங்கிலத்தில் 'வீல்ட்' என்பார்கள். அந்த ஆளுகைக்குள் வராதது 'அன்வீல்டி'. தமிழில் 'கைக்கு அடங்காத' என்றால் பொருள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். அறுபது பேர் கொண்ட செயலவையும் 'அன்வீல்டி'தான். நம் சங்கங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும். 'கம்பர்சம்' கொஞ்சம் வேறு. சுமந்துகொண்டே நடக்கிறவனின் வேகத்தைக் குறைக்கிற சுமை அது. இன்று அதிகமும் நடைமுறைகளுக்கே வருகிறது: ஒரு கையெழுத்துக்கு நான்கு முகப்புக்கு ஓடவைக்கிற விண்ணப்ப முறை 'கம்பர்சம்'.

ஆக்ஸ்ஃபர்ட் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுகிறது என்றால், 'அன்வீல்டி'க்கு இரண்டு பொருளாகப் பிரித்து, முதலில் பொருள்களுக்கு என்றும், அடுத்து அமைப்பு, கூட்டம் ஆகியவற்றுக்கு என்றும் அடைப்புக்குள் சொல்லிவிடுகிறது. எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்ற இந்தத் தகவல் இல்லாமல் ஒரு பெயரடையைக் கற்றுக்கொடுப்பது, சாவியைக் கொடுத்துவிட்டு எந்தக் கதவு என்று சொல்லாமல் போவது மாதிரி.

அடுத்தது சுவையான இடம், ஆட்களை வர்ணிப்பது. கட்டுரையில் தவறு மலிவதும் இங்கேதான். ஆள் பெரியவர் என்று சொல்ல 'ஹல்கிங்'கை எடுக்கிறார்கள். பச்சை நிறக் காமிக்ஸ் பலசாலியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது பாராட்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆக்ஸ்ஃபர்ட் தெளிவாகச் சொல்கிறது: பார்ப்பவருக்கு அச்சமோ பதற்றமோ தருகிற பருமன். மூலச்சொல் 'ஹல்க்' பெரிய, திருப்பக் கடினமான கப்பல். பிறகு பாய்மரம் பிடுங்கிய வெற்றுக் கப்பல் உடல். இங்கிலாந்தில் 1776 முதல் அப்படிப்பட்ட உடல்களை ஆற்றிலும் துறைமுகத்திலும் நிறுத்திக் கைதிகளை அடைத்துவைத்தார்கள். அந்த இருள் இன்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருட்டுச் சந்தில் வழிமறிக்கிறவன் 'ஹல்கிங்'. தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வருகிற மாமாவை அப்படி எழுதினால் மாமா வில்லனாகிவிடுவார்.

மாமாவுக்கு வேறு சொற்கள் உண்டு. இளவட்டம், உயரம், ஆரோக்கியம் மூன்றும் சேர்ந்தால் 'ஸ்ட்ராப்பிங்', நம் வாட்டசாட்டம். தோளும் மார்பும் அகன்று கனத்த ஆண் என்றால் 'பர்லி', நம் தாட்டியான, கட்டுமஸ்தான ஆள். குட்டையாக, இறுகிய உடம்பாக இருந்தால் 'ஸ்டாக்கி'. வயதும் தொப்பையும் ஒருசேர வந்த பெரியவருக்குப் 'போர்ட்லி'. மரியாதை இருக்கிறது, உதட்டோரம் ஒரு சிரிப்பும் இருக்கிறது. இதே இடத்துக்கு 'ஸ்டவுட்' என்ற நாகரிகச் சொல்லும் உண்டு. ஆனால் கோலாலம்பூரில் 'ஸ்டவுட்' என்றால் எல்லார் நினைவுக்கும் வருவது கறுப்பு பீர். "என் தாத்தா ஸ்டவுட்" என்று பிள்ளை எழுதினால் திருத்துகிற ஆசிரியர் புன்னகைக்காமல் இருக்கமாட்டார்.

ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்தவர்களுக்குத் தனி வரிசை. 'லாங்கி' முக்கியமாகக் கை கால் நீளத்தைச் சொல்லும், நயக்குறைவு அதில் ஒரு சாயலாக வரும். 'கேங்லிங்'கில் அந்த நீளம் ஒன்றோடொன்று இசையாமல் ஆடும். முன்னே சொன்ன காக்கிக் குழப்பச் சொல் பெரும்பாலும் பதின்ம வயதுக்காரர்களுக்கு. பாட்டிமார் 'வளர்ந்து கெட்டவன்' என்பார்களே, அந்த வயது. இந்த மூன்றுக்கும் கையடக்கத்தில் 'ஒல்லியான' என்பதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி வசைச்சொற்கள். 'லவுட்' என்பதைப் பருத்தவன் என்று நினைத்துப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதில் உடம்பே இல்லை, நடத்தைதான் இருக்கிறது: முரட்டுத்தனமான, மரியாதை கெட்ட இளைஞன். நோஞ்சானும் 'லவுட்' ஆகலாம். 'ஓஃப்' என்பவனுக்குப் புத்தியும் மட்டு, கைவாகும் மட்டு. குழந்தையைத் திருடிக்கொண்டு தன் குட்டியைத் தொட்டிலில் விட்டுப்போகும் குறளி பற்றிய வட ஐரோப்பிய நம்பிக்கையிலிருந்து வந்தது அது. மூலத்தில் 'எல்ஃப்' என்ற குட்டிச்சாத்தானும் இதுவும் ஒரே வேர். 'லமக்ஸ்' அமெரிக்கப் பேச்சில் அதிகம். பெரிய உடம்பு, மெதுவான புத்தி. நம் தடித்தாண்டவராயனுக்கு மிக நெருக்கம் இவன்தான். 'கிளட்ஸ்' யித்திஷ் மொழியில் மரக்கட்டை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: தமிழில் மரக்கட்டை என்றால் உணர்ச்சி இல்லாதவன், ஆங்கிலத்துக்குப் போன மரக்கட்டை கால் இடறி விழுகிறவன். 'பட்டர்ஃபிங்கர்ஸ்' பிடித்ததை நழுவவிடுகிறவன், கிரிக்கெட்டில் காட்ச் விட்டவன். ஒரே ஆளைச் சொன்னாலும் கடைசி 'ஸ்' போகாது. ஆக்ஸ்ஃபர்ட் இவற்றில் சிலவற்றின் பக்கத்தில் பேச்சுவழக்கு என்ற குறிப்பைப் போட்டு எச்சரிக்கும் என்பதால் கட்டுரையில் எங்கே வைக்கலாம் என்பது தெரிந்துவிடும்: கதாபாத்திரத்தின் வாயில் மட்டும்.

விலங்குகளை நேரே தூக்கிக்கொண்டு போகிற பழக்கத்துக்கு எந்த அகராதியும் மருந்து வைக்கவில்லை. வீட்டில் "டேய் எருமை" என்பதில் கோபமும் பாசமும் பாதிக்குப் பாதி. ஆங்கிலத்தில் 'பஃபலோ' என்று ஆளைச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. 'ஆக்ஸ்' என்றால்தான் பெரிய, மந்தமான ஆள் என்ற நிழல் விழும். யானை இன்னும் மோசம். தமிழில் களிறு நடை வீரனுக்குப் பெருமை, பிடி நடை பெண்ணுக்கு அழகு. அதை நம்பி மணப்பெண் யானை போல நடந்து வந்தாள் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் போச்சு. 'எலிஃபண்டைன்' என்ற பெயரடை அங்கே கனத்த, நயமற்ற அசைவைத்தான் சொல்லும். 'வைட் எலிஃபண்ட்' என்றதும் நமக்கு ஐராவதம் கண்ணில் தெரியும். மலாய்ச் செய்தித்தாள்கள் 'காஜா பூத்தே' என்று எழுதும்போது சொல்வதோ செலவை மட்டும் தின்று பயன்படாமல் நிற்கிற கட்டடம். ஆங்கிலப் பொருளும் அதுவே. பருமன் அதில் இரண்டாம்பட்சம்.

'ஜம்போ'வில் ஒரு காலத்தில் நிஜ யானை இருந்தது. 1865இல் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்த ஆப்பிரிக்க யானையின் பெயர் அது. 1882இல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் வாங்கிக்கொண்டு போனார், 1885இல் கனடாவில் ரயில் மோதிச் செத்தது. இன்று அந்தச் சொல்லில் தடுமாற்றம் எதுவும் மிஞ்சவில்லை, அளவு மட்டும்தான்: பெரிய பொட்டலம், பெரிய இறால், 1969இல் முதலில் பறந்த போயிங் 747. இறாலை யாரும் நயமற்ற நடைக்காரன் என்று சொல்வதில்லை அல்லவா.

'ஜக்கர்நாட்' நம் பக்கத்துச் சொல் என்பதால் கவனமும் கூடுதலாக வேண்டும். பூரி ஜெகந்நாதர் ஆங்கிலத்தில் போய் இப்படி ஆனார். தேர்ச்சக்கரத்தில் பக்தர்கள் விழுந்து மாய்கிறார்கள் என்று பழைய ஐரோப்பியப் பயணிகள் மிகைப்படுத்தி எழுதியதால், எதிர்ப்பட்டதை நசுக்கிக்கொண்டு நிற்காமல் போகிற பெருஞ்சக்தி என்று பொருள் நிலைத்தது. பிரிட்டனில் பெரிய டிரெய்லர் லோரிக்கும் அதே பெயர். பினாங்கில் தைப்பூசத்துக்கு வெள்ளித்தேரும் தங்கத்தேரும் வருவதை ஆங்கிலத் துண்டறிக்கையில் எழுதுகிறவர்கள், தேர்தானே என்று இந்தச் சொல்லைக் கையில் எடுக்க வேண்டாம். ஆடி அசைந்து வருகிறது என்பதற்கு 'லம்பர்' என்று போடுவதும் ஆகாது. அசைவு பொருந்தும், மரியாதை பொருந்தாது. 'லம்பர்' பண்ணுவது கரடியும் பழைய பஸ்ஸும். கம்பீரமான மெதுவுக்கு 'ஸ்டேட்லி' என்ற பெயரடை இருக்கிறது, அதுதான் தேருக்கு. இந்த இடத்தில் ஆக்ஸ்ஃபர்டும் கைகொடுக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'லம்பர்' என்ன என்று அது சொல்லும். அதற்குப் பதில் எதைப் போடலாம் என்று சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டியது தெசாரஸ். ரோஜே ஒரு மருத்துவர், 1852இல் வெளியிட்டார். அகர வரிசையை விட்டுவிட்டு, கருத்துகளை ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் சொற்களைக் கொட்டிவைத்தார். சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது என்கிறவருக்கு அது பொக்கிஷம். சொல்லே தெரியாதவர் கையில் அதே புத்தகம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி. விளக்கம் இல்லை, எந்தச் சொல் எதோடு சேரும் என்பதும் இல்லை. ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத் தாளின் மூன்றாம் பகுதிக் கட்டுரைக்கு 200 முதல் 250 சொல்தான். அதற்குள் 'பிக்' மூன்று முறை வந்துவிட்டதே என்று தெசாரஸைப் புரட்டி 'பாண்டரஸ்' போடுகிறார்கள். 'பாண்டரஸ்' எடை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; கனத்த நடைக்கும் சலிப்பூட்டும் பேச்சுக்கும் வரும், வீட்டுக்கு வராது. பெரிய வீடு 'பிக் ஹவுஸ்' ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும். இன்னும் துணிந்தவர்கள் 'கலம்ஃப்' வரை போவதுண்டு. அது லூயிஸ் கரோல் 1871இல் தம் கவிதை ஒன்றுக்காக உருவாக்கிய சொல். வெற்றிக் களிப்போடு குதித்துப் போவது என்ற மணத்தோடு பிறந்து, இன்று தொம் தொம்மென்று கனமாக ஓடுவதற்கு ஆகியிருக்கிறது. வேடிக்கையாக எழுதும்போது மட்டும் செல்லும்.

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. தெசாரஸை அங்கே வாங்குவது புத்திசாலித்தனம். பழைய பதிப்பானாலும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் விளக்க அகராதியைப் பழையதாக வாங்கினால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பொருள் அதிகம் மாறியிருக்காது, மரியாதை மாறியிருக்கும். கை கால் ஒத்துழையாத நோயாளிகளைக் குறித்த 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல் ஒரு காலத்தில் தடுமாறுகிறவனைக் கேலி செய்யச் சாதாரணமாகப் புழங்கியது. இன்று அது கடுமையாகப் புண்படுத்தும் சொல். புதிய பதிப்புகள் எச்சரிக்கை போடுகின்றன, பழையவற்றில் அந்த வரி இருக்காது.

கைப்பேசிச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிச்சொல்லாகப் போட்டால் ஏதோ ஒரு பொருளைத் தூக்கித் தரும். 'லம்பர்' என்று போட்டால் மரக்கட்டை, 'லம்பரிங்' என்றால் மரம் வெட்டுதல் என்று வந்து நின்றாலும் வியப்பதற்கில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் அதுவும் சரியே. பஹாங் பக்கம் மேட்டில் திணறி ஏறுகிற, மரம் ஏற்றிய லோரி பாலாக் ஒன்றுக்குத்தான் இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும். செயலியில் முழு வாக்கியமாகப் போடுங்கள், வந்த தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பாருங்கள்; புறப்பட்ட சொல்லே திரும்பி வராவிட்டால் நடுவில் ஏதோ நழுவியிருக்கிறது. உச்சரிப்பைக் கேட்க மட்டும் அது தங்கம்.

கடையில் நிற்கும்போது செய்ய ஐந்து நிமிடச் சோதனை. எந்த அகராதியானாலும் ஐந்து சொல் திறந்து பாருங்கள். 'லம்பர்': நகர்கிற வினையும் மரப்பலகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். 'அன்வீல்டி': பொருளுக்கு ஒன்று, அமைப்புக்கு ஒன்று என்று இரண்டு பொருள். 'ஹல்கிங்': அச்சம் என்ற சாயல் எங்காவது வர வேண்டும். 'ஸ்ட்ராப்பிங்': ஆரோக்கியம் அல்லது வலிமை, 'பருத்த' என்று மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடலாம். 'லவுட்': உடம்பைப் பற்றிப் பேசினால் தவறு. ஐந்தில் நான்கு தேறினால் வாங்கலாம். கையடக்கங்கள் ஒன்றிரண்டு தேறினாலே பெரிது, ஆக்ஸ்ஃபர்ட் ஐந்தும் தேறும். அதன் எடைதான் குறை. புத்தகப்பையில் தினமும் சுமக்க 'பல்கி', 'ஹெவி' இரண்டும் அதற்கே பொருந்தும். வீட்டு மேசையில் புத்தகம், வெளியில் இணையதளம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறை.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்கு இந்த நான்கும் எதிர்த்திசையில் ஓடுபவை. வாட்டசாட்டம், தாட்டி, லாவகம் என்று தமிழ் முனையிலிருந்து தொடங்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்துக்கொள்ளலாம். 1992இல் முதலில் வந்தது. பேச்சில் புழங்கும் சொற்களுக்குத் தமிழ் விளக்கமும் ஆங்கிலப் பொருளும் எடுத்துக்காட்டும் சேர்த்தே தருகிறது. 1862இன் வின்ஸ்லோ, அதற்கும் முந்தைய ஃபப்ரீசியஸ் என்ற தமிழ்–ஆங்கில அகராதிகள் இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய சொல்லுக்கு நல்லவை, அவற்றின் ஆங்கிலத்தை மட்டும் இன்றைய கட்டுரைக்குள் அப்படியே எடுத்துவர வேண்டாம்.